இன்டர்வியூ ஷூ: திண்டுக்கல் தோல் முதல் பாலிஷ் டப்பா வரை

கேம்பஸ் பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ரெஸ்யூமே பத்தி இருக்கும். மீதியில ஒரு நல்ல பங்கு ஷூ பத்தி. "என்ன ஷூ வாங்கணும்? கருப்பா, பிரவுனா? லேஸ் வச்சதா, வைக்காததா? வாங்கினா எப்படிப் பாத்துக்கிறது?" இந்தக் கேள்வி எல்லாத்துக்கும் இன்னைக்கு எபிசோடுல பதில் இருக்கு. ஆனா இது வரலாறு பேசுற பாட்காஸ்ட். அதனால அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியிலிருந்து தொடங்குவோம்: இன்டர்வியூவுக்கு ஷூ எதுக்கு?

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ள போகும்போது செருப்பைக் கழட்டுறோம். கோயில், தர்கா, பள்ளிவாசல், எங்க போனாலும் கழட்டுறோம். சில டாக்டர் கிளினிக்ல கூட வாசல்லயே விட்டுட்டுத்தான் போகணும். நம்ம ஊர்ல மரியாதைன்னா காலணியைக் கழட்டுறது. இன்டர்வியூ அறையில மட்டும் இது தலைகீழ். அங்க மரியாதைன்னா பளபளன்னு ஷூ போட்டுக்கிட்டு உள்ள போறது. இந்த மாற்றம் தானா நடக்கல. அதுக்கு அரசாங்க உத்தரவு, கோர்ட் வாசல்ல தகராறுன்னு ஒரு பெரிய கதை இருக்கு.

ஷூவைக் கழட்டு, கழட்டாதே

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில, ஒரு வெள்ளைக்கார அதிகாரியைப் பார்க்கப் போற இந்தியர் வெளியிலேயே காலணியைக் கழட்டிவிட்டுத்தான் போகணும். "இது உங்க வழக்கம்தானே, எங்களுக்கும் அதே மரியாதையைக் கொடுங்க" என்பது கம்பெனியின் வாதம். ஆனா அதிகாரி மட்டும் பெரும்பாலும் தன் பூட்ஸைக் கழட்ட மாட்டார்.

இங்கிலீஷ் படித்த, ஐரோப்பிய உடை போட ஆரம்பித்த ஒரு தலைமுறை வந்ததும் சிக்கல் ஆரம்பிச்சது. 1854-இல் கவர்னர் ஜெனரலின் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. அரசு நிகழ்ச்சிகளில் ஐரோப்பிய பாணி பூட்ஸோ ஷூவோ அணிந்து வரும் இந்தியப் பிரமுகர்கள் அதைக் கழட்ட வேண்டியதில்லை. நாட்டுச் செருப்பு போட்டு வந்தால் பழைய விதிதான். அதாவது, கழட்டணுமா வேண்டாமா என்பதை ஆளை வச்சு முடிவு பண்ணல, காலில் என்ன இருக்குன்னு பார்த்து முடிவு பண்ணினாங்க.

1862-இல் சூரத்தில் மானெக்ஜி கவாஸ்ஜி என்ட்டி என்ற பார்சி ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர் செஷன்ஸ் கோர்ட்டில் அசெசர், அதாவது விசாரணையில் நீதிபதிக்கு உதவியாக உட்காருபவர். காலணியோடு உள்ளே போக முயன்றவரைத் தடுத்தார்கள். அவர் விடவில்லை, விவகாரம் பம்பாய் அரசாங்கம் வரை போனது. அந்தக் காலப் பேச்சுல இந்தச் சண்டைகளுக்கு 'மாபெரும் ஷூ பிரச்சினை' என்றே பெயர்.

இன்னைக்கு நாம 'ஃபார்மல்' என்று சொல்ற வார்த்தையோட ஒரு வேர் இங்க இருக்கு. ஒரு குறிப்பிட்ட வடிவக் காலணி போட்டவன் அதிகாரத்துக்கு முன்னாடி அதைக் கழட்டாம நிற்கலாம். அந்த அனுமதிச் சீட்டு மெதுவா எதிர்பார்ப்பா மாறி, அப்புறம் கட்டாயமா மாறிருச்சு.

நம்ம பக்கத்துத் தெரு

சூரத் கதையைக் கேட்டு வெள்ளைக்காரனை மட்டும் திட்டிட்டுப் போயிட முடியாது. நம்ம கிராமங்களில் தலித் மக்கள் சில தெருக்களுக்குள்ள நுழையும்போது செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கிட்டு நடக்கணும் என்ற கட்டுப்பாடு இருந்தது. இது ஏதோ தாத்தா காலத்துக் கதை இல்லை. பழனியைத் தாண்டி உடுமலை போற வழியில மடத்துக்குளம் இருக்கே, அந்த வட்டத்தில் ராஜாவூர் என்று ஒரு கிராமம். செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்றிருந்த ஒரு தெருவில், தலித் மக்கள் செருப்போடு சேர்ந்து நடந்து அந்தத் தடையை உடைத்தது 2023 டிசம்பரில்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அதைத் திருத்தியபோது குற்றங்களின் பட்டியலில் ஒன்றைத் தனியாகக் குறிப்பிட்டார்கள்: பொது இடத்தில் காலணியோ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது. காலணி போடுற உரிமையைக் காப்பாத்த இந்த நூற்றாண்டிலும் ஒரு சட்டப்பிரிவு தேவைப்பட்டிருக்கு. முதல் தலைமுறை பட்டதாரி ஒருத்தர் புது ஷூவோட வீட்டுவாசல்ல இறங்கி நடக்கும்போது அந்த நடைக்குப் பின்னால இவ்வளவும் இருக்கலாம்.

அந்தத் தோல் எங்கிருந்து போச்சு?

இப்ப திண்டுக்கல்லுக்கு வருவோம். பூட்டு, பிரியாணி, சுருட்டு எல்லாம் உலகத்துக்கே தெரியும். நாலாவதா ஒண்ணு இருக்கு, தோல் ஷாப். தோல் பதனிடும் தொழிற்சாலையைத்தான் நம்ம ஊர்ல அப்படிச் சொல்வாங்க. பேகம்பூர் பக்கம் வளர்ந்தவங்களுக்கு அந்த வாடையே விலாசம்.

பழைய முறை இப்படி. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு முடியை நீக்குவார்கள். உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையை வழித்தெடுப்பார்கள். பிறகு ஆவாரம் பட்டை ஊறிய நீரில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் போட்டுத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். பட்டையில் உள்ள டானின் தோலோடு சேர்ந்து அதை அழுகாத பொருளாக மாற்றும். ஆனால் ஆவாரம் பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். அதற்குத் தீர்வாக, கடைசியில் கடுக்காய் நீரில் ஊறவைக்கும் முறை 1840-களில் பரவியது. தொழில் வரலாற்றில் இதற்குச் சொல்லப்படும் பெயர் சார்லஸ் டி சூசா. அவர் புதுச்சேரியிலும் பிறகு சென்னைப் பக்கமும் வேலை செய்த யூரேஷியர். ஆவாரையும் கடுக்காயும் சேர்ந்த அந்தத் தோல் லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் விற்றது. சுருக்கமாக ஈ.ஐ. தோல். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

முதல் உலகப் போர் நடந்தபோது இந்தத் தோலுக்கு வந்த மவுசைக் கேளுங்க. சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல், ராணுவ பூட்ஸின் மேல்பாகத்துக்குச் சரியா இருந்தது. 1916-இலிருந்து அரசாங்கமே அந்தத் தோல் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. ஐரோப்பாவின் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற பூட்ஸில் நம்ம ஆவாரம் பட்டையும் இருந்தது.

பதனிட்ட தோல் கப்பலேறி இங்கிலாந்து போகும், அங்க ஷூவாகும், அந்த ஷூ இங்க வந்து அதிகாரியோட காலில் ஏறும். ஆனா சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்ற தொழிலாளியோட காலில் ஏறாது. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சுண்ணாம்பு அவர்களின் கையையும் காலையும் அரிக்கும், முன்பணக் கடன் அவர்களை அங்கேயே கட்டிப்போடும். டி. செல்வராஜ் எழுதிய 'தோல்' நாவல் இவங்களைப் பத்தினதுதான். திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளர்கள் சங்கம் வைத்துப் போராடிய கதை அது. 2012-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. திண்டுக்கல்காரங்க வாழ்நாளில் ஒரு தடவையாவது படிச்சிடணும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் நாம அரைகுறையாகப் பதனிட்ட தோலைத்தான் ஏற்றுமதி பண்ணிக்கிட்டிருந்தோம். 1972-இல் சீதாராமையா கமிட்டி ஒரு கேள்வியை முன்வைத்தது: தோலை விற்பதைவிட ஷூவை விற்றால் லாபமும் வேலைவாய்ப்பும் நமக்குத்தானே? அடுத்த வருஷங்களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு வரம்பு போட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் ஷூ தொழிற்சாலைகள் பெருகின. நீங்க ஷோரூம்ல எடுத்துப் பார்க்கிற லெதர் ஷூவோ அதன் தோலோ பாலாற்றங்கரையிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

விலைச் சீட்டில் இல்லாத விலை

இந்த வளர்ச்சிக்கு ஒரு பில் வந்தது. அதைக் கட்டினது கிணறுகள். ஆவாரம் பட்டைக்குப் பதிலா குரோமியம் உப்பு வந்தபோது வாரக்கணக்கு வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. கழிவு நீரின் தன்மையும் மாறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் ஆய்வு செய்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்றும் தீர்ப்பு சொல்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதற்கு இந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம்.

இதைச் சொல்றது உங்களை ஷூ வாங்க விடாம பண்ண இல்லை. ஒரு ஜோடி லெதர் ஷூவுக்குப் பின்னால இவ்வளவு தண்ணீரும் உழைப்பும் இருக்கு. அதனால ஒண்ணு வாங்குங்க, சரியானதா வாங்குங்க, அஞ்சாறு வருஷம் உழைக்க வைங்க. இனி வர்ற டிப்ஸ் எல்லாம் இதுக்குத்தான்.

வாங்கும்போது

முதல்ல வடிவம். லேஸ் வச்ச ஃபார்மல் ஷூவில் ரெண்டு குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டு: லேஸ் கோர்க்கும் ரெண்டு பக்கமும் கீழே மூடித் தைச்சிருக்கும். டெர்பி: அந்த ரெண்டு பக்கமும் மேலே தனித்தனியாத் திறக்கும். டெர்பிக்கு நெருங்கிய சொந்தம் ப்ளூஹர். நெப்போலியனை எதிர்த்துச் சண்டை போட்ட பிரஷ்யத் தளபதியின் பெயர் அது. சிப்பாய் அவசரமா மாட்டணும், எல்லாக் காலுக்கும் பொருந்தணும், அதுக்காக வந்த திறந்த வடிவம். ஸ்டைல் புத்தகங்கள் ஆக்ஸ்ஃபோர்டுதான் உச்சம்னு சொல்லும். நான் டெர்பி வாங்கச் சொல்வேன், காரணம் நம்ம கால்.

செருப்புப் போட்டு வளர்ந்த கால் முன்பக்கம் அகலமா இருக்கும். நாம வாங்குறது இங்கிலாந்து சைஸ். அங்க ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பார்லி தானியத்தின் நீளம், ஒரு இன்ச்சில் மூணில் ஒரு பங்கு. அது நீளத்தைத்தான் சொல்லும், அகலத்தைச் சொல்லாது. 1948-இல் தொடங்கிய சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சமீபத்தில் நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்தது. இந்தியக் கால் பொதுவாக அகலமானது என்று கண்டு, இந்தியாவுக்கென்றே 'பா' என்ற அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது கடைக்கு வர்ற வரைக்கும் டெர்பி உங்க நண்பன். முன்பக்கம் இறுக்கினா ஒரு சைஸ் பெருசு எடுக்காதீங்க, குதிகால் கழண்டு வரும். அகலமான வேற மாடல் கேளுங்க.

சாயங்காலம் போய் வாங்குங்க. நாள் முழுக்க நின்ன கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. இன்டர்வியூவுக்குப் போடப்போற அதே சாக்ஸோட போட்டுப் பாருங்க. ரெண்டு காலையும் போட்டுக் கடைக்குள்ளேயே நடங்க. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தா போதும்.

கலர் கருப்பு. விவாதமே வேண்டாம். ஃபார்மல் பேன்ட் எதுக்கும் பொருந்தும், பெல்ட்டும் கருப்பாவே இருக்கட்டும். சாக்ஸ் பேன்ட் நிறத்துக்குப் பக்கத்துல இருக்கணும், உட்கார்ந்தா கால் தெரியாத உயரத்துக்கு வரணும். ஸ்கூல்ல போட்ட வெள்ளை சாக்ஸுக்கு விடை கொடுங்க.

இது தோலா, ரெக்சினான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பல ஷூக்களில் உள்ளேயோ அடியிலேயோ சின்னப் படம் இருக்கும். விரிச்சுப் போட்ட தோல் மாதிரி வடிவம் இருந்தா தோல். வைரம் மாதிரி கட்டம் இருந்தா வேற பொருள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் ஷூவுக்கு இந்தக் குறி கட்டாயம், அந்தப் பழக்கம் இங்கயும் வந்திருக்கு. விரலால் அழுத்திப் பாருங்க. தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். பட்ஜெட் இல்லைன்னா ரெக்சின் ஷூ போடுறது குத்தமே இல்லை. சுத்தமா, அளவா இருந்தா எதிர்ல இருக்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. கடன் வாங்கி ஷூ வாங்காதீங்க. அண்ணனோட ஷூ அளவு சரியா இருந்தா அதையே போட்டுட்டுப் போங்க.

வாங்கின பிறகு

முக்கியமான எச்சரிக்கை ஒண்ணு. இன்டர்வியூக்குன்னு வாங்கி, டப்பாவிலேயே ரெண்டு மூணு வருஷம் வச்சிருந்து, அந்தக் காலையில எடுத்துப் போடுவோம். பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள அடிப்பாகம் ரொட்டி மாதிரி உதிரும். இது நிறையப் பேருக்கு நடக்குது. பாலியூரித்தேன் சோல் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதையுது. பூட்டி வச்சா அதுக்குப் பாதுகாப்பு இல்லை, அவ்வப்போது போட்டு நடந்தாத்தான் நல்லது. இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் முன்னாடியே எடுத்து, வீட்டுக்குள்ள தினம் ஒரு மணி நேரம் போட்டு நடங்க. சோல் எப்படி இருக்குன்னும் தெரியும், புது ஷூ காலைக் கடிக்கிறதும் குறையும்.

பாலிஷ் போடுறதுல அவசரம் கூடாது. முதல்ல லேஸைக் கழட்டுங்க. பிரஷ்ஷால தூசியைத் தட்டுங்க. ஈரத் துணியால துடைச்சு நல்லாக் காய விடுங்க. டப்பா பாலிஷைத் துணியில கொஞ்சமா எடுத்து மெல்லிசாப் பூசுங்க. பத்து நிமிஷம் விட்டு பிரஷ் போடுங்க, கடைசியில மெத்துன்னு ஒரு துணி. கிவி பாலிஷ் தெரியும் இல்லையா? 1906-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது, அதைச் செய்தவரோட மனைவியின் ஊர் நியூசிலாந்து என்பதால் கிவிப் பறவையின் பெயர். ரகசியம் பாலிஷில் இல்லை, பிரஷ் போடுறதுல இருக்கு. பஞ்சு வச்ச திரவ பாலிஷ் அவசரத்துக்கு ஓகே. ஆனா அதையே தினம் போட்டா மேலே படலம் கட்டி வெடிக்கும். ரெக்சினுக்கு பாலிஷே வேண்டாம், ஈரத் துணி போதும்.

மழையில நனைஞ்சா வெயில்ல வைக்காதீங்க. நம்ம ஊர் வெயில்ல தோல் விறைச்சு வெடிச்சிரும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வச்சு நிழல்ல விடுங்க, தாள் ஈரமானா மாத்துங்க. ஒரு நாள் போட்டா மறுநாள் ஓய்வு கொடுங்க, உள்ளே இறங்கின வியர்வை காயணும். கொடைக்கானல் மாதிரி ஈரமான இடத்துல இருந்தா பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும்.

ஒட்டின சோல் வாய் பிளந்தா தூக்கிப் போடாதீங்க. பஸ் ஸ்டாண்டு ஓரத்துல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கொடுத்துச் சுத்தி ஒரு தையல் போடச் சொல்லுங்க, இன்னும் சில வருஷம் ஓடும். அவர்கிட்ட பேரம் பேசாதீங்க. இந்த எபிசோடு முழுக்க நாம பேசின வரலாறு அவர் கையிலதான் இருக்கு.

இன்டர்வியூ அன்னைக்கு தாடிக்கொம்பிலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ கூட்டமான பஸ்ல வர்றவங்களுக்கு: ஷூவைத் துணிப்பையில போட்டுச் செருப்போட வாங்க. இடத்துக்குப் பக்கத்துல வந்து மாத்திக்கோங்க. பையில ஒரு பழைய துணி இருக்கட்டும்.

கடைசியா ஒண்ணு. நானும் இப்போ சில சமயம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். வர்றவங்க காலை நான் பார்க்கிறதில்லை. கேள்வி கேட்கிற இடத்துல இருக்கிற மத்தவங்களும் கேட்டுட்டிருக்கீங்கன்னு தெரியும். உங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: 1854-இல் போட்ட விதியை நாம தொடர வேண்டாம். கோடு எழுதத் தெரியுமா, யோசிக்கத் தெரியுமான்னு பாருங்க. செருப்போட ஒருத்தர் வந்து நல்லாப் பதில் சொன்னா மார்க் குறையக் கூடாது.

அந்த நாள் வர்ற வரைக்கும், இன்டர்வியூக்குப் போற தம்பிங்க லேஸை ரெண்டு முடிச்சாப் போட்டு, நிமிர்ந்து நடந்து போங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.